ஒரே மீன், இரண்டு வயது

இந்த வருடம் மீன்வள ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கடி வந்து டீ குடித்துவிட்டு உங்கள் நுண்ணோக்கிகளைத் திருகிப் பார்க்கும் ஓர் அம்மா என்பதுதான். போன வாரம் அப்படி வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், பக்கத்து நாட்டுக்காரங்க சொல்றதும் நாம சொல்றதும் ஒத்துவரலைன்னா என்ன பண்றது?" ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு போர்ட் பிளேர் லம்பா லைனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. நான் வேலையில் இருந்தபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்கடல் செப்பிலியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரிய கண், உடம்பு முழுக்கச் சிவப்பு, கடலடிப் பாறைச் சரிவுகளை ஒட்டி வாழும் மீன். கிரேட் நிக்கோபாரின் தெற்கு முனைக்கும் இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்கும் நடுவே இருக்கிற கடலில் இரண்டு பக்கத்துப் படகுகளும் இதைத்தான் பிடிக்கின்றன. குஞ்சாக இருக்கும்போது நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்த மீன் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு. அதனால் இரு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து உட்கார்ந்து, வருடத்துக்கு எவ்வளவு பிடித்தால் மீன் அழியாது என்று ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நம் பக்கத்தில் படகு முதலாளிகள் சிலர் பெரிய தூண்டில் படகுகளுக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். எங்கள் பதில் வந்த பிறகுதான் அனுமதி என்று மேலிடம் சொல்லிவிட்டது.

எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல, முதலில் மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மீனின் வயது தெரிய வேண்டும். மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை மெல்லியதாக அறுத்துப் பார்த்தால், மரத்தை அறுத்த மாதிரி வருடத்துக்கு ஒரு வளையம். எண்ணினால் வயது.

போர்ட் பிளேரில் நடந்த கூட்டத்துக்கு ஆச்சேயிலிருந்து வந்த குழுவில் நூராய்னி என்று ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் ஊர், கிரேட் நிக்கோபாரில் இருக்கும் நம் கேம்பல் பேக்குப் போர்ட் பிளேரைவிடப் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் எங்களிடம் வந்து சேரக் கோலாலம்பூர் போய், சென்னை போய், அங்கிருந்து மறுபடி கடலைத் தாண்டி வர வேண்டியிருந்தது. காதுக்கற்களைப் பஞ்சில் பொதிந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வந்திருந்தார். சென்னை விமான நிலையத்தில் அதிகாரி டப்பாவைத் திறந்து, "என்ன கல்லு இது, விலை உயர்ந்ததா?" என்று கேட்டாராம். "மீனோட காது சார்" என்று இவர் சொல்ல, அந்த அதிகாரி இன்னும் சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாராம். இரு குழுவுக்கும் பொதுவான ஆங்கிலத்தில் இதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. அவர்கள் ஊரில் மூத்த பெண்களைக் 'கா' என்று கூப்பிடுவார்களாம். எனக்கு அது பாதி அக்காவாகக் கேட்டது. கடைக்கு அவர்கள் 'கெடாய்' என்கிறார்கள், கப்பலுக்குக் 'கப்பால்'. ஒரு டீ முடிவதற்குள் இரு மொழிக்கும் பொதுவான ஏழெட்டு வார்த்தைகளைக் கண்டுபிடித்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

இரு தரப்பும் ஒரே அளவு மீன்களைத்தான் எடுத்திருந்தோம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் அந்த அளவு மீனுக்கு ஐந்து, ஆறு வயது. அவர்கள் கணக்கில் இருபதுக்கு மேல். எங்கள் கணக்கு சரியென்றால் மீன் மளமளவென்று வளர்கிறது, தாராளமாகப் பிடிக்கலாம். அவர்கள் கணக்கு சரியென்றால் இப்போது பிடிப்பதே அதிகம். திரையில் இரண்டு தரப்பின் வளர்ச்சிக் கோடுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகப் போயின.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர், அவர்கள் கல்லைத் தடிமனாக அறுத்திருக்கிறார்கள், இல்லாத வளையமெல்லாம் தெரிகிறது என்றார். அவர்கள் குழுத் தலைவர், நரைத்த மீசைக்காரர், குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "ஓரத்துல வளையம் நெருக்கமா இருக்கும். அவசரத்துல எண்ணுனா விட்டுப்போகும்." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எங்களுக்குக் காது சிவந்துவிட்டது. மதியச் சாப்பாட்டில் அவர்கள் ஒரு மேசை, நாங்கள் ஒரு மேசை.

மறுநாள் மதியம் இரு நாட்டு அதிகாரிகள் முன்னால் கூட்டறிக்கை வாசிக்க வேண்டும். எங்கள் இயக்குநர் திருநெல்வேலிக்காரர். மெயின்லாண்டு மேலிடத்திலிருந்து அவருக்குக் காலையிலிருந்து போன் மேல் போன். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டா என்ன? அவுகளும் சரிம்பாவ, நம்மளும் சரிம்போம். சோலி முடிஞ்சிரும்லா?"

கேட்டவுடன் எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. யார் முகமும் கோணாது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஐந்து என்பது ஒருவர் கண்ணால் பார்த்து எண்ணியது. இருபது என்பதும் ஒருவர் கண்ணால் பார்த்து எண்ணியது. இடையில் இருக்கும் பன்னிரண்டை எந்த மீனிலும் யாரும் பார்க்கவில்லை.

"சார், யாருமே பாக்காத வயசை எப்படி எழுதறது? நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் குடுங்க."

"மதியம் வரைக்கும்னா மதியம் வரைக்கும்தான்மா. அதுக்கு மேல நான் எங்க போவேன்?"

நான் நேரே அவர்கள் மேசைக்குப் போய் நூராய்னியின் எதிரில் உட்கார்ந்தேன். "உங்க கல்லையும் எங்க கல்லையும் கலந்து, யாருடையதுன்னு தெரியாம அடையாளத்தை மூடி வெச்சுடலாம். நீங்க எல்லாத்தையும் எண்ணுங்க. நாங்களும் எண்றோம். முடியற வரைக்கும் யாரும் எண்ணைச் சொல்லக்கூடாது."

அவர் தன் தலைவரைப் பார்த்தார். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க கண்ணுல தப்பு இருந்தா?" என்று கேட்டார்.

"எங்க கண்ணுலயும் இருக்கலாமே" என்றேன்.

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, போகலாம்."

அன்று பிற்பகல் ஆய்வகம் பரீட்சைக் கூடம் மாதிரி இருந்தது. எல்லாரும் எண்ணி முடித்து, அடையாளங்களைப் பிரித்துப் பார்த்தபோது எங்களுக்கு முதலில் நம்ப முடியவில்லை. எங்கள் கற்களை அவர்கள் எண்ணினாலும் ஐந்து, ஆறுதான். அவர்கள் கற்களை நாங்கள் எண்ணினாலும் இருபதுக்கு மேல்தான். காலையில் நாங்கள் ஒருவரையொருவர் குறை சொன்னதெல்லாம் வீண். எண்ணுவதில் யாருக்கும் எந்தப் பிழையும் இல்லை!

"அப்ப யார் மேல தப்பு?" என்றார் மீசைக்காரர்.

"மீன் மேலதான்" என்றார் நூராய்னி. அறை முழுக்கச் சிரிப்பு. காலையில் நின்றுபோன சிரிப்பு இரண்டு நாட்டுக்கும் சேர்ந்து திரும்பி வந்தது அப்போதுதான்.

சிரித்தபடியே அவர் எங்கள் கல் ஒன்றையும் தங்கள் கல் ஒன்றையும், இன்னும் அறுக்காத முழுக் கற்களாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிரிப்பு நின்றது. "கா, இங்க வாங்க" என்றார். குனிந்து பார்த்தேன். ஒன்றின் முனை கூர்மை, இன்னொன்றின் முனை மழுங்கல். இன்னும் நாலைந்து ஜோடி எடுத்து வைத்தோம். எல்லாம் அப்படியே. பசிபிக் பக்கம் இந்தச் செப்பிலிக்குத் தோற்றத்தில் அச்சாக இதே மாதிரி இன்னொரு இனம் இரட்டையாக உண்டு, அதற்கு வாலின் மேல் நுனி மட்டும் கறுப்பாக இருக்கும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. நம் கடலில் யாரும் தேடிப் பார்த்ததில்லை. மீன் ஐஸில் கிடந்து வந்து சேரும்போது வால் நுனி பிய்ந்திருக்கும். நாமும் நீளத்தை வாலின் பிளவு வரைதான் அளக்கிறோம். நுனி யார் கண்ணிலும் படுவதில்லை.

"நாளைக்குக் காலைல புது மீன் எங்க கிடைக்கும்?" என்றார் நூராய்னி.

"ஜங்லிகாட் ஜெட்டி. விடியும்போது போட் வந்துடும்."

"எங்க ஊர்லயும் அந்த நேரத்துல மீன் இறங்கியிருக்கும். ஃபௌசியை நிக்கச் சொல்றேன்." ஃபௌசி அவருடைய ஆய்வகத்துச் சகா, மீன் இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே வீடு.

காலையில் என் ஸ்கூட்டரின் பின்னால் நூராய்னி. ஜெட்டியில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். கீழக்கரையிலிருந்து அவர் அப்பா காலத்தில் வந்த குடும்பம். பெரிய படகுக்கு மனுப் போட்டவர்களில் முக்கியமானவர். நூராய்னி "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றதும் பாய்க்கு முகமெல்லாம் பல்.

"வ அலைக்கும் ஸலாம். ஆவோ, வாங்க வாங்க! டாக்டரம்மா, ஊருக்கு வந்த மெஹ்மானை வெறும் கையோட அனுப்பிடாதீங்க. ராத்திரி நம்ம வீட்லதான் சாப்பாடு, சொல்லிட்டேன்."

"சாப்பிடறோம் பாய். இப்ப ஒரு செப்பிலி எடுத்து வாலை விரிச்சுக் காட்டுங்க."

"அரே, மீனுக்கு ஃபோட்டோ ஷூட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஐஸ் பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்து, விசிறியை விரிப்பது மாதிரி வாலை விரித்துப் பிடித்தார். மேல் நுனியில் மையைத் தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. இன்னொன்று, அதிலும் கறுப்பு. வரிசையாக எல்லாவற்றிலும்.

நூராய்னி செல்போனில் வீடியோவில் ஃபௌசியைக் கூப்பிட்டார். அங்கேயும் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபௌசி அங்கத்திய மீனின் வாலை விரித்தார். வால் நுனி வரை சிவப்பு. கறுப்புப் பொட்டுகூட இல்லை. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பெங்காலி மீன்காரர்கள், தெலுங்கு மாலுமிகள், எல்லாரும் போனுக்குள் எட்டிப் பார்த்து ஆச்சேக்காரர்களுக்குக் கையசைத்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களும் கையசைத்தார்கள். என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரே கொண்டாட்டம்.

அப்போதுதான் ஃபௌசி, "இருங்க, இன்னொன்னு இருக்கு" என்று மறைந்துபோய், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு மீனைத் தூக்கி வந்தார். அவர் இடுப்புயரம் இருக்கும். வாலைக் கேமரா பக்கம் திருப்பினார். மேல் நுனி கறுப்பு.

காதர் பாய் தன் கையில் இருந்த மீனைப் பார்த்தார். போனில் இருந்ததைப் பார்த்தார். கெட்டிக்காரர்; யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டாக்டரம்மா, அது இதுதானா?"

"இதுதான் பாய். வளர்ந்தா அப்படி இருக்கும்."

"அப்ப நான் இத்தனை நாளா பிடிச்சு வித்துட்டிருக்கிறது பச்சா மீனா?"

ஆமாம், குஞ்சு மீன்தான் என்றேன். அவர்கள் எண்ணிய இருபது வயது மீன், அந்த அளவோடு வளர்ச்சி நின்றுபோகும் சின்ன இனம். எங்கள் ஐந்து வயது மீன்கள், பெரிய இனத்தின் இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத பிள்ளைகள். வேகமாக வளர்கிறது, தாராளமாகப் பிடிக்கலாம் என்று நாங்கள் எழுத இருந்தது இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான். சராசரி போட்டிருந்தால் இரண்டு இனத்துக்குமே பொருந்தாத ஒரு எண்ணை வைத்துப் பெரிய படகுகளை அனுப்பியிருப்போம்.

இயக்குநர் அறைக்குப் போனபோது அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். "எண் எங்கம்மா?"

"இல்ல சார். ரெண்டு மீன் இருக்கு."

கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி போன் அடித்தது, எடுக்கவில்லை. "ஒரு வருஷம் வேலை செஞ்சுட்டு எண் இல்லைன்னு சொன்னா, எல்லாரும் நம்மளைக் கேலி செய்ய மாட்டாவளா?"

"அனுமதி குடுத்துட்டு அப்பறமா இதைக் கண்டுபிடிச்சிருந்தா, சார்?"

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். "தனித்தனியாச் சொன்னா சண்டைம்பாவ. நீயும் அந்தப் பிள்ளையும் ஒரே மைக்குல நின்னு சொல்லுங்க. பொறவு வர்ற போனை நான் பாத்துக்கிடுதேன்."

அப்படியே நின்றோம். திரையில் இரண்டு வால்களைக் காட்டினோம். முன்வரிசையில் ஓர் அதிகாரி, "அதெல்லாம் சரி, எவ்வளவு பிடிக்கலாம்? அதைச் சொல்லுங்கள்" என்றார். இன்றைக்கு அந்த எண் எங்களிடம் இல்லை, ஒரு பருவம் இரண்டு பக்கமும் வாலைப் பார்த்து, இனத்தைப் பிரித்து எண்ணிய பிறகு இரண்டு எண்களாகத் தருகிறோம், அதுவரை புதிய பெரிய படகு வேண்டாம் என்றேன். நூராய்னி அதையே தன் மொழியில் சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது. அப்போது அந்த நரைத்த மீசைக்காரர் எழுந்தார். "நேத்து இவங்க அவசரமா எண்ணுவாங்கன்னு சொன்னேன். இவங்க எண்ணுன ஒவ்வொரு கல்லையும் நான் எண்ணிப் பாத்தேன். சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு எண் உங்கள் எண்ணோடு ஒத்துவரவில்லை என்றால், அவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று முதலில் நினைக்காதீர்கள். விட்டுக்கொடுத்து நடுவிலும் போகாதீர்கள். அவர்கள் பார்த்ததை அவர்கள் இடத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

காதர் பாய் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அவருடைய பெரிய படகுக் கனவைத்தான் நாங்கள் அன்று மதியம் நிறுத்தி வைத்திருந்தோம். ஆனால் அவர் ஆளனுப்பி அழைத்துப் போனார். அவர் மனைவி நூராய்னிக்குப் பிரியாணியை மலையாகக் குவித்தார். பாய் தன் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்.

"போச்சா டாக்டரம்மா?"

"இந்தப் பருவம் இல்ல பாய். கோபமா?"

"கோபம் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "மனு போட்டப்ப என் பையன்கிட்ட, உன் காலத்துக்கும் இந்தத் தொழில் இருக்கும்னு சொன்னேன். பச்சா மீனைப் பிடிச்சுட்டே அதை எப்படிச் சொல்றது? அதான் சாப்பாடு இறங்கல."

அடுத்த பருவம் இரண்டு பக்கமும் வால் பார்த்தோம். பிள்ளை மீன்கள் திரளும் கடலடி மேட்டுப் பகுதிகள் இரண்டு நாட்டிலும் மூடப்பட்டன. அனுமதி கடைசியில் வந்தது, கேட்டதைவிடச் சின்னப் படகுகளுக்கு, ஆழமான சரிவுகளுக்கு மட்டும். பாய் ஒரு படகு வாங்கினார்.

நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது ஒரு காலையில் அவரிடமிருந்து போன். "டாக்டரம்மா, ஜல்தி வாங்க. ஒரு சாமான் வந்திருக்கு." போனேன். ஐஸ் பெட்டியில் அடங்காமல் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். கறுப்பு நுனி வால், என் இடுப்பைத் தாண்டும் நீளம். தலையை வாங்கிப் போய்க் கல்லை அறுத்து எண்ணினேன். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன். மறுநாள் ஜெட்டிக்குப் போய்ச் சொன்னேன்.

"பாய், அதுக்குக் கிட்டத்தட்ட என் வயசு."

அவர் வாயில் கை வைத்தார். "அல்லாஹ்! உங்ககூடப் பொறந்ததா? உங்களுக்காவது பென்ஷன் வரும், அதுக்கு நாங்க மசாலால்ல தடவிட்டோம்!" நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த மாதிரிப் பெரிய பெண் மீன் ஒன்று இடும் முட்டையைச் சின்ன மீன்கள் நூறு சேர்ந்தாலும் இட முடியாது என்று சொன்னேன். அவர் சிரிப்பு அடங்கியது. பிறகு தூண்டில் கயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்த தன் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அரே சுனோ! நேத்து அந்தப் பெரிய மீன் கிடைச்ச சரிவுல இனிமே தூண்டில் போடாதீங்க. வோ ஜகா சோட் தோ, அந்த இடத்தை விட்டுடுங்க. பெரியவங்க இருக்கிற இடம் அது."